வேகத்துக்கு ஒரு ஞாயிறு, தூரத்துக்கு ஒரு ஞாயிறு

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. கார் ரேஸ் டிராக் அங்கேதான். சில வார இறுதிகளில் அந்த வாசலில் திரும்பி உள்ளே போவேன். வேறு சில வார இறுதிகளில், விடிவதற்கு முன்பே அதே வாசலைச் சைக்கிளில் கடந்து வேலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருப்பேன். உள்ளே போனால் சில நிமிட ரேஸுக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கடந்து போனால் மறுநாள்தான் வீடு.

ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. பெட்ரோலைக் கொட்டி எரிக்கிறவன் எப்படிச் சைக்கிள்காரனாகவும் இருக்க முடியும், இரண்டில் எது உன் நிஜமான ஆசை என்று கேட்பார்கள். என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் விதை ஒரே நாளில் விழுந்தது.

அப்பா அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் ஷிப்ட் வேலை பார்த்தார். 1949இல் தொடங்கிய கம்பெனி. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்துதான் ஊரெல்லாம் போயின. எண்பதுகளில், தை முடிந்து மாசி பிறக்கும் சமயம், சோழவரத்தில் கார் ரேஸ் என்றால் வட சென்னையே அந்தப் பக்கம் நகரும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதைதான் சோழவரத்தில் அவர்களுக்கு டிராக். அப்பா தன் ஹெர்குலிஸின் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, செங்குன்றம் வழியாக மிதித்துக் கூட்டிப்போனார். ஏரிக்கரைக் காற்றில் அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டே வந்தது. கார்களைப் பார்ப்பதற்கு முன்பே, சோழவரம் நெருங்கும்போதே, அவற்றின் சத்தத்தைக் கேட்டுவிட்டேன். அன்றைக்குக் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை.

திரும்பும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். ரேஸ் பார்த்துவிட்டுக் கிளம்பிய கூட்டம் ஜி.என்.டி. ரோட்டில் கொஞ்ச நேரத்துக்குத் தானே ரேஸ் ஓட்டியது. மோட்டார் சைக்கிள்களும் அம்பாசிடர்களும் எங்களை உரசுவதுபோலப் போயின. அப்பா இறங்கி, சைக்கிளை மண்ணில் இறக்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். "அவங்களுக்கு இன்னும் எறங்கலடா" என்றார். எது இறங்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். ரேஸ் மேல் பித்துப் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கிளப், தனக்கென்று சொந்த நிலத்தில் ஒரு டிராக்கைக் கட்டியது சின்ன விஷயமில்லை. அதே காலத்தில் கோயம்புத்தூரில் கரிவர்தன், மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டி, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகுப்பையே உண்டாக்கினார். பெரிய பணக்காரர்களும் ராஜ குடும்பத்தவரும் வெளிநாட்டிலிருந்து கார் தருவித்து ஓட்டிய விளையாட்டில், சம்பளக்காரன் நுழைய வாசல் திறந்தது அப்போதுதான். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது ஊரே கொண்டாடியது. அந்தப் பாதையை வெட்டியவர்களில் கரிவர்தனுக்கு முதல் இடம் என்று நான் நினைக்கிறேன். சினிமா நடிகர் ஓட்டினால்தான் நம் பத்திரிகைகள் ரேஸைப் பற்றி எழுதுகின்றன. கரிவர்தனைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு வாசல் திறந்தது முப்பது வயதைத் தாண்டி. கல்லூரி நண்பனும் நானும் பாதிப் பாதி காசு போட்டு ஒரு பழைய மாருதி எஸ்டீமை வாங்கினோம். புதுப்பேட்டையில் தொழில் பழகிய ஒரு மெக்கானிக் அதன் சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். ரோல் கேஜை வெல்டு செய்து, பக்கெட் சீட்டும் பெல்ட்டும் மாட்டினார். 1300 சிசி. இன்றைக்கு வீட்டு வாசலில் நிற்கும் சாதாரண கார்களே அதைவிடச் சக்தி உள்ளவை.

அந்தக் குறைந்த சக்திதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடசாலை. வலுவான என்ஜின் இருந்தால் வளைவில் விட்ட வேகத்தை நேர்ப்பாதையில் மிதித்து மீட்டுக்கொள்ளலாம். எஸ்டீமில் அது நடக்காது. வளைவுக்குள் தேவைக்கு மேல் ஒரு நொடி பிரேக் பிடித்தால், அடுத்த வளைவு வரைக்கும் அந்த நஷ்டம் கூடவே வரும். அதனால் ஸ்டியரிங்கை ஒரே ஒரு முறை, மெதுவாக, போதுமான அளவு மட்டும் திருப்ப வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் முன் டயர் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் டயர் வேகத்தைத் தின்னும். ஓட்டி முடித்துப் பிட்டுக்கு வந்ததும் மெக்கானிக் முதலில் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, இடது முன் டயரை. சூடு ஆறுவதற்குள் கட்டை விரலால் அதன் தோள்பக்கத்தைத் தடவுவார். ரப்பர் சுருண்டு சுருண்டு செதில் எழும்பியிருந்தால் ஒன்றும் பேசமாட்டார். ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், "இன்னைக்கு வண்டிய நல்லா விட்டுட்டீங்க சார்" என்பார். விட்டுட்டீங்க என்பதுதான் அவர் அகராதியில் உயர்ந்த பாராட்டு.

சைக்கிள் தூரப் பயணத்தில் நான் நுழைந்தபோது அங்கேயும் இதே கணக்கு. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கத்தின் விதிகள்தான் உலகம் முழுக்க. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. வழியில் கன்ட்ரோல் என்று சில இடங்கள் உண்டு. அங்கே குறித்த நேரத்துக்குள் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் டீக்கடை பில்லோ ஏ.டி.எம். சீட்டோ சாட்சி. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. கடைசியாக வந்தவரும் நேரத்துக்குள் வந்திருந்தால் அதே மெடல்தான். பஞ்சர் ஆனால் நீயேதான் ஒட்ட வேண்டும், பசித்தால் நீயேதான் கடை தேட வேண்டும். 200, 300, 400, 600 நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவரை சூப்பர் ரேண்டோனர் என்பார்கள். அந்தப் பருவம் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது.

எஸ்டீமில் கற்ற சிக்கனம் இங்கே காலில் வந்து உட்கார்ந்தது. வாலாஜாபேட்டை தாண்டி மேம்பாலங்கள் வரிசையாக வரும்போது, ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இறக்கி, மேலே மூச்சு வாங்காமல் ஏறி, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் உருள விட வேண்டும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி மார்கழி வாடையில் வடக்கே திரும்பி வருகிறவர்கள், காற்றோடு மல்லுக்கட்டினால் மாமல்லபுரத்தோடு தீர்ந்துபோவார்கள். குனிந்து, சின்ன கியரில், காற்று கொடுக்கும் வேகம் போதும் என்று போகிறவர்களே ஊர் சேர்வார்கள். லாரிக்குப் பின்னால் காற்று எப்படி உறிஞ்சப்படும், பக்கவாட்டில் எப்படித் தள்ளும் என்பதெல்லாம் டிராக்கில் இன்னொரு காருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டிப் பழகிய உடம்புக்குச் சொல்லாமலே தெரிந்தது.

பதிலுக்கு ரேஸுக்குச் சைக்கிளும் கொடுத்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தீப்பிடிக்காத துணியில் தைத்த ரேஸ் உடுப்பு, உள்ளே ஒரு பனியன், தலைக்கு உறை, அதன் மேல் ஹெல்மெட். எஸ்டீமுக்குள் ஏசி ஏது? கடைசிச் சில லேப்பில் பலருக்கும் கண் மங்கி, பிரேக் போடும் இடம் தள்ளிப்போகும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க மிதித்த உடம்புக்கு அந்த உலை பழகிய இடம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எப்போது குடிக்க வேண்டும் என்று ரேஸ்காரர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவும் செய்யும். 400 கிலோமீட்டர் மிதித்தால் உள்ளங்கை நரம்பு அழுந்தி, சுண்டு விரலும் மோதிர விரலும் நாள்கணக்கில் மரத்துக்கிடக்கும். சட்டைப் பித்தான் போடுவதே சிரமமாக இருக்கும். முன் சக்கரம் வழுக்கப்போவதை எஸ்டீம் முதலில் சொல்வது விரல் நுனிக்குத்தான், ஸ்டியரிங் லேசாகிவிடும். அதைக் கேட்க முடியாத கையோடு ரேஸுக்குப் போகக் கூடாது. அதனால் ரேஸ் வாரத்துக்கு முன்னால் மூன்று வாரம் பெரிய தூரம் கிடையாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பணக் கணக்கை நீட்ட விரும்பவில்லை. ஒரு செட் ரேஸ் டயர் காசில் நடுத்தரமான ஒரு சைக்கிள் வாங்கலாம், அவ்வளவுதான். வீட்டில் மனைவி போட்ட நிபந்தனை, மாதத்தில் பாதி ஞாயிறு வீட்டுக்கு என்பது. அது நியாயமான நிபந்தனை, அதை மீறியதில்லை.

அவளுடைய பயம் வேறு. "ரேஸுக்குப் போற அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காதுங்க" என்பாள். சைக்கிளுக்குப் போகும் நாளில் சப்பாத்தியைச் சுருட்டிக் கையில் கொடுத்து, சிரித்த முகமாக அனுப்புவாள். சைக்கிள் உடம்புக்கு நல்லது, ரேஸ் உயிருக்கு ஆபத்து என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. டிராக்கில் எல்லாக் காரும் ஒரே திசையில் போகின்றன. ஒவ்வொரு காரையும் ரேஸுக்கு முன்னால் பெல்ட்டிலிருந்து தீயணைப்பான் வரை சோதிக்கிறார்கள். வளைவுக்கு வளைவு மார்ஷல் கொடியோடு நிற்கிறார், மஞ்சள் அசைந்தால் முந்தக் கூடாது, ஆம்புலன்ஸ் என்ஜினை அணைக்காமல் காத்திருக்கிறது. ஓட்டுபவர் தூங்கி எழுந்து, குடிக்காமல் வந்திருக்கிறார். இவற்றில் எதுவுமே ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்பூர் பக்கத்து நெடுஞ்சாலையில் கிடையாது.

உலகத்தின் பெரிய பந்தயக்காரர்கள் பலர் உடம்பைத் தயார்செய்வது சைக்கிளில்தான். அவர்கள் கதையைப் பாருங்கள். மார்க் வெப்பருக்கு 2008இல் டாஸ்மேனியாவில் சைக்கிளில் போகும்போது கார் மோதிக் கால் உடைந்தது. பெர்னாண்டோ அலோன்ஸோவுக்கு 2021இல் சுவிட்சர்லாந்தில் அதேபோல் கார் மோதித் தாடை உடைந்தது. மோட்டோஜிபி உலக சாம்பியன் நிக்கி ஹேடன், 300 கிலோமீட்டர் வேகத்தையெல்லாம் டிராக்கில் கடந்து வந்தவர், 2017இல் இத்தாலியில் ஒரு சாதாரணச் சாலைச் சந்திப்பில் சைக்கிளில் போனபோது கார் மோதி இறந்தார். ஹேடன் செய்தியைப் படித்த அன்று வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ராத்திரி நெடுஞ்சாலையைக் காதால்தான் ஓட்ட வேண்டும். பின்னால் வரும் லாரியின் டயர் முனகல் சாலையின் நடுப்பக்கம் நகர்ந்தால், டிரைவர் நம் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டார், விலகுகிறார் என்று அர்த்தம். முனகல் நகராமல் அதே கோட்டில் பெருத்துக்கொண்டே வந்தால் யோசிக்காமல் மண்ணில் இறங்கிவிட வேண்டும். கடந்துபோகும் கணத்தில் முதலில் தோளில் ஒரு தள்ளு, அடுத்து லாரியின் பக்கமாக ஓர் இழுப்பு. லாரிக்காரர்கள் பெரும்பாலும் விலகித்தான் போகிறார்கள். சாலையில் வாழ்கிறவர்களுக்குச் சாலை மரியாதை தெரியும். நான் பயப்படுவது இரண்டு பேருக்கு. ஒருவர், விளக்கில்லாமல் ராங் சைடில் வரும் மோட்டார் சைக்கிள்காரர். இன்னொருவர், சொந்தக் காரில் 120, 130 என்று பறந்து, அதை ரேஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்.

ஓர் ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் ஒரே வார இறுதியில் வந்து நின்றன. இங்கே ரேஸ் சுற்று, அங்கே நாகப்பட்டினம் போய்த் திரும்பும் 600. அந்தப் பருவத்தில் எனக்கு 600 மட்டும்தான் பாக்கி. நண்பனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு 600க்குக் கிளம்பினேன். மெக்கானிக் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வாரம் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களின் வாரம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் சென்னையிலிருந்து காவி உடுத்தி நடந்தே போகிறவர்கள். குடும்பம் குடும்பமாக, மாதா சிலை வைத்த தள்ளுவண்டியோடு, வெயிலுக்குப் பயந்து அதிகாலையிலும் ராத்திரியிலும் நடப்பார்கள். போகும்போது பகலில் கடலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்து மோர் குடித்தேன். நாகப்பட்டினத்தில் அட்டையில் முத்திரை வாங்கி, லாட்ஜில் மூன்று மணி நேரம் கண்ணயர்ந்து, இருட்டிலேயே வடக்கே திரும்பினேன். சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் என் விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் எதிரே வந்துகொண்டே இருந்தார்கள். செருப்பில்லாத கால்கள், தோளில் தூங்கும் குழந்தை, முதுகில் ஒட்டிய ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் டேப். அவர்களுக்கு ஓரடி தள்ளிக் கார்கள் போயின. சிலவற்றின் வேகம் என் எஸ்டீம் மூன்றாவது கியரில் வளைவைக் கடக்கும் வேகத்தைவிட அதிகம். அந்த வேகத்தில் ஒரு காரை நிறுத்த எத்தனை மீட்டர் வேண்டும் என்று என் காலுக்குத் தெரியும். பிரேக்கை எங்கே தொட வேண்டும், டயர் எப்போது பிடியை விடும், எல்லாம் அத்துப்படி. அந்த டேப்பின் மினுக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அந்தக் கார்களால் நிற்கவே முடியாது. ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "ஓரமா போய்யா, வண்டிங்க வேகமா வருது" என்றார். ரோட்டு ஓரத்தில் நடப்பவர் சைக்கிள்காரனை எச்சரித்த அந்தச் சொல் சென்னை வரும்வரை என்னோடு வந்தது.

வேகமாக ஓட்டத் தெரிந்தவன், ஓரத்தில் மெதுவாகப் போகிறவன் இருவரும் ஒரே உடம்பில் இருப்பதன் அருமை அன்றைக்கு எனக்கு முழுசாக விளங்கியது. டிராக் இல்லாவிட்டால் என் வேகம் எங்காவது ஒரு ரோட்டில்தான் இறங்கியிருக்கும். சைக்கிள் இல்லாவிட்டால், அது இறங்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரிந்திருக்காது. இப்போது வீட்டுக் காரை எடுத்தால், சைக்கிளையோ நடப்பவரையோ கடக்கும்போது முழு லேன் மாறித்தான் கடக்கிறேன். மாற இடமில்லையென்றால் பின்னாலேயே போகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

எங்கள் பிட்டில் ஓர் இளைஞன் இருக்கிறான். இருபத்து மூன்று வயது, கையில் கலை இருக்கிறது, பிரேக்கைத் தாமதமாகத் தொட்டும் டயரைக் கெடுக்காதவன். டிராக்கிலிருந்து வீட்டுக்குப் போகும்போதும் அப்படியேதான் ஓட்டுவான். நான் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் என் பழைய சைக்கிளும் கொடுத்து, மரக்காணம் போய்த் திரும்பும் 200க்குக் கூட்டிப்போனேன். கல்பாக்கம் தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் அவன் முழங்கையைத் தொடாத குறையாகப் போனது. அடுத்த டீக்கடை வரை அவன் பேசவே இல்லை. டீயை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அவன் பிரேக்கே தொடலைண்ணே" என்றான். "பார்த்தேன்" என்றேன்.

அவன் இப்போது நவம்பரில் வரும் 300க்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அதற்கு மூன்று வாரம் கழித்து ரேஸ் இருக்கிறது, விரல் சரியாகிவிடுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறான். மெக்கானிக் எனக்கு போன் செய்து, "இன்னொருத்தனையும் கெடுத்துட்டீங்களா சார்" என்றார். ஹேண்டில்பாருக்கு ஜெல் வைத்த டேப் எங்கே கிடைக்கும் என்று கடைசியில் அவரே கேட்டார். பாரிமுனையில் ஒரு கடை சொன்னேன்.